குன்னூரில் பிறந்த தட்டு

போன மாதம் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் மாத்திரை எதையும் கூட்டவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் வட்டமான தட்டு ஒன்றின் படம். தட்டில் ஏறக்குறைய பாதி காய்கறியும் பழமும். சோற்றுக்கு நான் நினைத்ததைவிடச் சின்ன இடம். பின்பக்கம் ஓர் அட்டவணை: எந்தப் பொருள், ஒரு நாளைக்கு எத்தனை கிராம்.

"சார், நீங்க கவர்ன்மென்ட்ல இருந்தவர்தானே, அட்டவணைன்னா பழக்கம் இருக்கும். இதுபடி சாப்பிட்டுப் பாருங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்த பெண்தான் இருப்பார். கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. எண்கள் மாறியிருக்கின்றன, பொருள்களின் வரிசை கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனால் இது எனக்குத் தெரிந்த அட்டவணை. இதற்கு அக்கா முறையான ஒன்றை 1978-ல் இதே கையால் டைப் அடித்திருக்கிறேன். அடித்ததோடு விட்டிருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

முதலில் இன்றைய தாளில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலிருந்து எடுத்தது அது. 17 அறிவுரைகள் கொண்டது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அவர்கள் போட்டிருக்கும் கணக்கு இது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், கீரையும் காய்கறியும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, மீன், கறி வகையில் 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி. உப்பு 5 கிராமுக்கு மேல் கூடாது. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. 250 கிராம் என்பது சோறு இல்லை, அரிசி. இட்லியில் போகும் அரிசியும் அதற்குள்தான். எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு 2,000 கலோரிகூட அதிகம்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அங்கே சின்ன வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் காட்டிச் சொல்லித்தரும் பாடம். அதில் உணவு பற்றிய பக்கத்தில் நீளமான ரொட்டி, வெண்ணெய்க்கட்டி, பாலாடைக்கட்டி, மாட்டிறைச்சி எல்லாம் படம் போட்டிருந்தது. வாத்தியார் ஒவ்வொன்றின் பெயரையும் ஒப்பிக்கச் சொல்வார். காலையில் மோர் விட்டுக் கரைத்த பழையதும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு வந்த நாங்கள், அந்தப் பாலாடைக்கட்டிகளின் பெயர்களை ராகம் போட்டுச் சொல்வோம். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் இரண்டொருவர் மட்டும் அவற்றைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் மத்தி மீனும் அந்தப் பாடத்தில் இல்லை. அதனால் அவை உணவு என்ற கணக்கிலேயே வராது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரான்சைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 1954-ல் பிரதமராக இருந்த பியேர் மாந்தேஸ் ஃபிரான்ஸ், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு செலவில் பால் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிச் சாப்பாட்டு மேசையில் ஒயின் வைத்துப் பழகிய நாடு அது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒயின் கூடாது என்று உத்தரவு வந்ததே 1956-ல்தான். பால் குடிக்கும் பிரதமர் என்று அவரைக் கேலி செய்தார்கள். அதே 1954-ல் அக்டோபர் 18-ம் தேதி நம் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தபோது பாரீசில் ஆட்சியில் இருந்தவரும் அவர்தான். நவம்பர் 1-ம் தேதி நம்மைக் கைமாற்றிவிட்டார்கள். பால் டம்ளர் மட்டும் கப்பலேறி வரவில்லை.

ஆனால் நமக்குப் பொருந்தும் பாடம் கப்பலில் வரத் தேவையில்லாமல், நீலகிரியிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அது எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

குன்னூரில் நாய்க்கடிக்கு ஊசி மருந்து தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது. அந்த இடத்துக்கு 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் வந்து சேர்ந்தார். அயர்லாந்துக்காரர். அவருக்குக் கொடுத்த வேலை பெரிபெரி நோயை ஆராய்வது. கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகும் நோய் அது. ஜாவா தீவில் டச்சு டாக்டர் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதேபோல் கால் விழுவதைக் கண்டுபிடித்திருந்தார். அதற்காக அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அரிசியின் மேல்தோலில் இருக்கும் ஒரு சத்து தீட்டும்போது போய்விடுகிறது, அதுதான் காரணம். இன்று அதை பி1 வைட்டமின் என்கிறோம்.

மெக்காரிசனின் ஆராய்ச்சியை 1923-ல் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி நிறுத்தினார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தார்கள். கோப்பு பார்த்துப் பழகிய எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

அவர் செய்த சோதனைகளில் ஒன்று நம்மைப் பற்றியது. ஒரே மாதிரியான எலிக்குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டைக் கொடுத்தார். ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் சராசரி 235 கிராம். பட்டியலில் கடைசியில் வந்தது 'மதராஸி' சாப்பாடு தின்ற எலிகள். 155 கிராம். அரிசி நிறைய, மற்றதெல்லாம் ருசிக்குக் கொஞ்சம் என்பதுதான் அந்தச் சாப்பாடு. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தாலும் எங்கள் வீட்டு இலையில் விழுந்ததும் அதுவேதான்.

இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. நம்மைக் குள்ளர்கள் என்று சொல்ல வெள்ளைக்காரன் எலியைக் கூப்பிட்டானா என்று. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நேர் எதிர். எலிகள் எல்லாம் ஒரே ஜாதி. வித்தியாசம் கிண்ணத்தில் இருந்தது. பிறவி வீரர்கள், பிறவி சோனிகள் என்று ராணுவமே ஆட்களைப் பிரித்துப் பேசிய காலத்தில் அது லேசான பேச்சு இல்லை.

1935-ல் மெக்காரிசன் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். இவர் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் இருந்தவர். அங்கே எத்தியென் பியூர்னே என்ற பிரெஞ்சு டாக்டரோடு சேர்ந்து, ஊட்டமும் மக்கள் சுகாதாரமும் பற்றி 1935-ல் ஓர் அறிக்கை எழுதியிருந்தார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெயர் இந்தக் கதையில் வருவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அய்க்ராய்ட் குன்னூருக்கு வந்து செய்ததுதான் பெரிய வேலை. ஆராய்ச்சியை டாக்டர்களின் பத்திரிகையோடு விட்டுவிடாமல், விடுதி நடத்துகிறவரும் சிறை அதிகாரியும் பள்ளித் தலைமையாசிரியரும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும்படி ஒரு சின்னப் புத்தகமாக 1937-ல் வெளியிட்டார். 'ஹெல்த் புல்லட்டின் எண் 23' என்று அதற்குப் பெயர். நம் நாட்டு உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம், கொழுப்பு, சுண்ணாம்பு, இரும்பு என்று அட்டவணை. கூடவே, ஏழை அரிசிக்காரனின் வழக்கமான சாப்பாடும் அதைத் திருத்திய சாப்பாடும் பக்கத்தில் பக்கத்தில். திருத்தியதில் ஆப்பிளும் வெண்ணெய்யும் கிடையாது. அரிசியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்பு. பருப்பைக் கூட்டு, கீரையைக் கூட்டு, நாளுக்கு 8 அவுன்ஸ் பால் சேர். அவ்வளவுதான். என் பள்ளிப் பாடத்தில் இடம் கிடைக்காத கம்பும் கீரையும் அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

அரிசியைப் பற்றியும் அவரும் கூட இருந்தவர்களும் 1940-ல் தனியாக ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் வரும் ஒரு விஷயம் நம்மவர்கள் பெருமைப்பட வேண்டியது. சென்னை ராஜதானியில் பெரிபெரி அதிகம் இருந்தது வடசர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. தமிழ்ப் பக்கம் ஏழைகளும் அரிசிதான் சாப்பிட்டார்கள், ஆனால் நோய் அவ்வளவு இல்லை. காரணம் புழுங்கல். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது உமிக்குக் கீழே இருக்கும் பி1 சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போகாது. எந்த நிபுணரும் சொல்லாமல், எங்கோ ஒரு காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்த வேலை அது.

நான் இரண்டு வருடம் ஏனாமில் வேலை பார்த்தேன். அந்த ஜில்லாக்களுக்கு நடுவில் இருக்கும் நம் புதுச்சேரித் துண்டு. மதிய வேளையில் என் டிபன் கேரியரைத் திறந்தால் தெலுங்குக்கார நண்பர் மூக்கைச் சுளிப்பார். புழுங்கல் வாடை அவருக்கு ஆகாது. அவருடைய பச்சரிசிச் சோறு மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக இருக்கும். அப்போது எனக்கு இந்த விவரம் தெரிந்திருந்தால் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். நல்லவேளை, தெரியாது.

புழுங்கல் பெரிபெரியிலிருந்துதான் காப்பாற்றும். எலும்புக்குச் சுண்ணாம்பும் கண்ணுக்கு ஏ வைட்டமினும் அது தராது. மாலைக்கண் வந்த பிள்ளைகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 1970-க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்பூன் மஞ்சள் மருந்து ஊற்றினார்களே, அதுவும் இந்தக் குன்னூர்க்காரர்களின் வாரிசுகள் செய்த வேலைதான். அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. 1961-லிருந்து அதை நடத்தியவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். நூறு வயது வாழ்ந்து 2019-ல் காலமானார். அய்க்ராய்டின் அட்டவணையைப் பெரிதாக்கி 1971-ல் அவரும் இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுவந்த புத்தகம்தான் நாடு முழுக்க அரசு அலுவலகங்களுக்கு வந்தது. எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். உலகம் முழுக்க அப்போது ஏழைப் பிள்ளைகளுக்குப் புரதம்தான் குறை என்று சொல்லிப் பொடிகளையும் மாவுகளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க மாவில் செய்த உப்புமாவை நம்மில் பலர் தின்றிருக்கிறோம். கோபாலன் குழு 1973-ல் வேறு ஒன்றைக் காட்டியது. வற்றிய பிள்ளைகளுக்குத் தினமும் 310 கலோரி தரும், ஆனால் 3 கிராம் மட்டுமே புரதம் உள்ள பண்டம் ஒன்றை 14 மாதம் கொடுத்தார்கள். பிள்ளைகள் உயரமும் எடையும் கூடினார்கள். வயிறு நிறையாத பிள்ளைக்கு முதலில் வேண்டியது வயிறு நிறையச் சாப்பாடு, பிறகுதான் தனிப் புரதம் என்று அர்த்தம். ரொம்பச் சரியான பேச்சு. அந்தச் சரியான பேச்சை வைத்து நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் இனி வருவது.

நான் அப்போது எல்.டி.சி. எந்தத் துறை என்று வேண்டாம், கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாணவர் விடுதிகளுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு என்ன என்ன சாப்பாடு என்று நிர்ணயிக்கும் கோப்பு என் மேசைக்கு வந்தது. விடுதிப் பிள்ளைகள் என்றால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே இருந்த ஒரு நல்ல மனிதர் ஹைதராபாத் புத்தகத்தைப் பார்த்து அழகாக ஓர் அட்டவணை போட்டிருந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, வாரத்தில் இரண்டு நாள் முட்டை, நாளுக்கு 100 கிராம் கீரை, 200 மில்லி பால். நான் மூன்று கார்பன் வைத்து அடித்துக் கொடுத்தேன்.

நிதி ஒப்புதலுக்குப் போன கோப்பு ஆறு வாரத்தில் திரும்பியது. தலைக்கு இவ்வளவு ரூபாய்தான், அதற்குள் அடங்குமாறு மாற்றி அனுப்பவும் என்று குறிப்பு. நல்ல மனிதர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். என் சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மொத்தக் கலோரி குறையக் கூடாது. குறைஞ்சா ஆடிட்ல கேப்பான். பாலையும் கீரையையும் எடுத்துடு. அதுக்கு ஈடா அரிசியைப் போட்டுடு. கலோரிதான் முக்கியம்னு அந்த ஹைதராபாத்காரங்களே இப்ப சொல்றாங்களாம்."

கணக்குப் போட்டது நான்தான். அந்தப் புத்தகம் மேசையில் திறந்திருந்தது. 200 மில்லி பசும்பாலில் 134 கலோரி. 100 கிராம் முளைக்கீரையில் 45. இரண்டும் சேர்ந்து 179. அரிசி 100 கிராமுக்கு ஏறக்குறைய 345 கலோரி. ஆக 52 கிராம் அரிசியைக் கூட்டினால் கணக்கு நேராகிவிட்டது. விலையோ பாலுக்குப் பக்கத்தில்கூட வராது. மொத்தக் கலோரி என்ற கடைசி வரியில் ஓர் எண்கூட மாறவில்லை. சூப்பரின்டெண்டென்ட் பார்த்துவிட்டு "பலே" என்றார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அதை மறைத்துப் பயனில்லை.

அதே பக்கத்தில், கலோரிக் கட்டத்துக்குச் சில கட்டங்கள் தள்ளி, சுண்ணாம்புச் சத்து என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. கேட்கப்படாததைக் கூட்டுவது கிளார்க்கின் வேலை இல்லை. இப்போது, 74 வயதில், கூட்டிப் பார்த்தேன். அந்தப் பாலில் 240 மில்லிகிராம். கீரையில் 397. மொத்தம் 637. நான் பதிலுக்குக் கொடுத்த 52 கிராம் அரிசியில் 5. கீரையோடு போன ஏ வைட்டமினுக்கு அரிசியில் ஈடே கிடையாது.

குன்னூரில் அய்க்ராய்ட் 1930-களிலேயே தென்னிந்திய விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான சாப்பாட்டோடு வெண்ணெய் எடுத்த பால் மட்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் மற்றவர்களைவிட உயரமாகவும் கனமாகவும் வளர்ந்தார்கள். ஆக, நாற்பது வருடத்துக்கு முன்னால் விடுதிப் பிள்ளைகளை வைத்தே கண்டுபிடித்ததை, விடுதிப் பிள்ளைகளின் கோப்பிலிருந்தே நான் நீக்கினேன். கோபாலன் சொன்னதும் பட்டினியாகக் கிடந்த குழந்தைக்கு. பாலை எடுத்துவிட்டு அரிசி போடச் சொல்லி அவர் எங்கும் எழுதவில்லை. மெக்காரிசனின் கடைசி வரிசை எலிகளின் கிண்ணத்தைத்தான் நாங்கள் மறுபடி நிரப்பி, ஆடிட் ஒப்புதலும் வாங்கியிருக்கிறோம்.

அந்த அட்டவணை எத்தனை வருடம் நடைமுறையில் இருந்தது என்று பிறகு நான் பார்க்கவில்லை. வேறு பிரிவுக்குப் போய்விட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அந்த விடுதிகளில் ஒன்றுக்குப் போனபோது சமையலம்மா சாம்பாரில் முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். "கீரைக்கு அலவன்ஸ் இல்லையேம்மா" என்றேன், பெரிய அதிகாரி மாதிரி. "கொல்லையில மரம் நிக்குதுய்யா, அதுக்கு எதுக்கு அலவன்சு" என்றார். அந்த விடுதிப் பிள்ளைகளின் கண்ணை ஒரு மரமும் அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற விடுதிகளில் மரம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பழைய கதையை என் மனைவியிடம் இதுவரை சொன்னதில்லை. டாக்டர் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு மாதச் சாமான் பட்டியல் போட உட்கார்ந்தபோது சொல்ல வேண்டியதாயிற்று. பழைய பழக்கத்தில் இரண்டு பேருக்கு முப்பது நாளுக்கு என்று பெருக்கினேன். தாளில் உள்ளபடியே எடுத்தால் தானியம் 15 கிலோ. நாங்கள் வாங்குவது 22 கிலோ. எண்ணெய் ஒன்றே முக்கால் லிட்டர் அனுமதி. வாங்குவது மூன்று. உப்பு ஒரு கிலோ பாக்கெட் மூன்று மாதத்துக்கு மேல் வரவேண்டும். எங்களுக்கு ஒன்றரை மாதம் வருகிறது, ஊறுகாய், அப்பளம், கருவாடு தனி. காய்கறியும் கீரையும் 24 கிலோ வேண்டும். நாங்கள் வாங்குவது பத்து கிலோ தாண்டாது, அதிலும் உருளைக்கிழங்குதான் பாதி. பென்ஷன் வாங்குகிற, சொந்த வீட்டில் இருக்கிற எங்கள் இலையே இன்னும் குன்னூர் எலியின் கிண்ணமாகத்தான் இருக்கிறது. இதற்கு எந்த நிதிக் குறிப்பும் காரணம் இல்லை. நாக்குதான்.

மனைவி பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏங்க, அந்தப் புள்ளைங்ககிட்டேருந்து எடுத்த கீரையையெல்லாம் இப்ப நம்ம தலையில கட்டுறீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவர் செய்திருக்கும் மாற்றங்கள் என் கணக்கைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. இட்லி மாவில் பாதி அரிசிக்குப் பதில் கேழ்வரகு. நூறு கிராமில் 344 மில்லிகிராம் சுண்ணாம்பு இருக்கும் தானியம் அது. மதியம் சோற்றுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தை அளவாக வைத்துவிட்டார். பொரியலும் கூட்டும் முதலில், சோறு பிறகு. வாரத்தில் மூன்று நாள் மத்தியோ நெத்திலியோ, வஞ்சிரம் தீபாவளிக்கு. கொட்டை என்றால் பாதாம் என்று நான் பயந்தேன். வேர்க்கடலையும் கொட்டைதான், ஒரு கைப்பிடி அவித்தால் போதும் என்றார். காலை மோர் விட்ட பழையது மட்டும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. அதை விட்டுக்கொடுக்க நானும் தயாரில்லை, எடுத்துவிட அவரும் தயாரில்லை.

நேற்று பெரிய மார்க்கெட்டில் ஐந்து கட்டு முளைக்கீரையும் இரண்டு கட்டு மணத்தக்காளியும் வாங்கினேன். கீரைக்கார அம்மா ஏற இறங்கப் பார்த்து, "என்னங்கய்யா, வீட்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, கணக்கு என்றேன். வேர், தண்டு, பழுத்த இலை எல்லாம் ஆய்ந்து கழித்துத் தராசில் வைத்தால் 620 கிராம். இரண்டு பேருக்கு 800 வேண்டும். மீதி 180-க்கு அரைப் புடலங்காயை நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.